ஸ்ரீவராகம் முழுக்கச் சர்க்கரை வியாதி

கரமனையில் எங்கள் அடுத்த வீட்டு விஜயம் மாமியின் பிள்ளை ஸ்ரீகண்டன். ஆராய்ச்சி ஆபீஸில் கம்ப்யூட்டரில் புள்ளிவிவரம் போடுகிற வேலை. பரம சாது. நெற்றிக்கு இட்டுக்கொள்ளாமல் மெஷினைத் தொடமாட்டான். தோசைக்கு எத்தனை உளுந்து என்பதற்குக்கூட ஒரு புரோகிராம் எழுதினான். அந்தத் தோசை கல்லை விட்டு வரவில்லை.

2003-ல் அதே ஊர் ஸ்ரீவராகத்து ஸ்நேகாவை அவனுக்குப் பேசி முடித்தார்கள். பெண் பார்த்து வந்த நாள் முதல் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். நிச்சயதார்த்தச் சாப்பாடு பிள்ளை வீட்டில். அந்தச் சமயம் கோவில் பக்கம் இலவச ரத்தப் பரிசோதனை நடந்ததால் எல்லார் கையிலும் ஒரு சர்க்கரை எண் இருந்தது. ஸ்ரீகண்டன் பெண் வீட்டாருக்குப் போன் செய்து அதையெல்லாம் கேட்டு, பெண்ணின் பெரிய மாமா சூடாமணியை மரியாதைக்கு முதலில் வைத்து, மெஷினில் ஏற்றினான். எண் கூடினால் பாலடைப் பாயசம் கிடையாது. இலைக்கு இலை வைக்கச் சீட்டும் அச்சடித்தான்.

நான் தேங்காய் துருவிக் கொடுக்கப் போயிருந்தேன். மாமி சீட்டுகளைப் புரட்டினாள்.

"என்னடா இது? ஒருத்தருக்கும் பாலடை கிடையாதா? ஸ்நேகாவுக்குமா?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"குடும்பமே சர்க்கரையாக்கும்! மறைச்சுட்டா பாத்தியோ. இந்தச் சம்பந்தம் வேண்டாம், போனை எடு."

"அம்மா, வேண்டாம்மா. நான் ஜென்மத்துக்கும் பாயசம் சாப்பிடலை."

பத்மநாபா, பிள்ளை அழுதுவிடுவான் போலிருந்தது. மாமிக்கு மெஷின் மேலேயே சந்தேகம் வந்தது.

"எனக்குச் சர்க்கரையே கிடையாது, என் நம்பரையும் போட்டுப் பாரு. என் பேர் முதல்ல வரணும். பிள்ளையோட அம்மா வால்லயா நிக்கறது?"

போட்டான். இந்தத் தடவை எல்லாருக்கும் பாலடை.

"சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கற சூடாமணிக்குமா? அதுக்குள்ள எல்லாருக்கும் சொஸ்தமாயிடுத்தா?"

ஸ்ரீகண்டன் தலையில் அடித்துக்கொண்டான்.

"புரோகிராம்ல 'இஃப்'னு எழுதிட்டேம்மா! அது முதல் ஆளை மட்டும் பார்த்து, அந்தப் பதிலையே எல்லாருக்கும் ஒட்டிடும். 'இஃப்எல்ஸ்'னு எழுதணும். அதுதான் ஒவ்வொருத்தரையா பார்க்கும்."

"அதை மெஷின் சொல்லப்படாதோ?"

"சொல்லித்து. 'முதல் ஆளை மட்டும்தான் பார்த்தேன்'னு எழுதிக் காட்டித்து. அது எப்பவும் ஏதாவது சொல்லிண்டிருக்கும், நான் கவனிக்கறதில்லே."

"என்னை மாதிரின்னு சொல்லு."

திருத்தி அச்சடித்தான். சூடாமணி மாமாவுக்கு மட்டும் கிடையாது. மாமி ஸ்நேகாவின் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து ரெண்டு தரம் பார்த்தாள்.

"நல்ல குடும்பம்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

நிச்சயதார்த்தத்தன்று ஸ்நேகா இலையில் மாமி தன் கையாலேயே பாலடை விட்டாள். மறுபடியும் விட்டாள்.

"போதும் மாமி!"

"சாப்பிடு குழந்தே. உனக்கு ஒண்ணுமில்லேன்னு தீர்ந்து போச்சு."

"எனக்கு என்ன இருந்தது?"

ஸ்ரீகண்டன் இலைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, அப்பளத்தைச் சத்தமாக நொறுக்கினான்.