புகைபோக்கியும் தொட்டிலும்

எங்கேயாவது அடுப்பு எரிந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. எரிகிற புகையிலிருந்து கரியமில வாயுவையும், கூடவே ஒளிந்து வரும் ஈயம், பாதரசத்தையும் பிடித்து வைக்க முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சியில் நான் உதவியாளர். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிப் பட்டறைகளில் ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்குப் போனால், ஏழு மாதப் பிள்ளை கையை நீட்டுவான். தூக்கப் பயமாக இருக்கும். பிள்ளையைத் தொடுமுன் கையை முகர்ந்து பார்க்கிற அம்மாக்களுக்கு இது புரியும்.

வெள்ளையடித்த புகைபோக்கி

முதல் பட்டறைக்கு, வருகிறோம் என்று போன் செய்துவிட்டுப் போனோம். அதுதான் தப்பு. வாசலில் கோலம். புகைபோக்கிக்குப் புதுச் சுண்ணாம்பு. கருவியோடு பாதி ஏணியில் நின்ற என்னிடம் முதலாளி பெருமையாகச் சொன்னார்: "ஆபீஸர்மாரு வாராங்கன்னு நேத்தே அடுப்ப அணைச்சுட்டேம்மா. ஒரு பொட்டுப் புகை இருக்கா பாருங்க."

ஜெயராணி அக்காவின் கேள்வி

புகையைப் பிடிக்க நாங்கள் குழாயில் அடைப்பது, முந்திரித் தோட்டைச் சுட்டுச் செய்த கரி. அங்கே கொட்டை உடைக்கிற ஜெயராணி அக்காவுக்கு இதை அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோட்ட எரிச்சா புகை வருது, அந்தப் புகையப் பிடிக்க இன்னும் கொஞ்சம் தோட்ட எரிக்கிறீங்க. நல்லா இருக்குங்க ஒங்க படிப்பு" என்றார்.

மூன்று சோப்பு

கான்வென்ட்டில் சிஸ்டர் நகத்தைப் பார்த்துத்தான் வகுப்புக்குள் விடுவார். இப்போது எனக்கு நானே சிஸ்டர். கொல்லைக் குழாயடியில் மூன்று சோப்புப் போட்டுத் தலைமுழுகாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. உள்ளே பிள்ளை பசியில் கத்துவான். அப்படியும் மனசு ஆறாமல், துவைத்த துப்பட்டாவை ஃபில்டர் பேப்பரால் ஒற்றி ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். முடிவு வரும்வரை ஜெபமாலையும் கையுமாக இருந்தேன். ஆய்வகத்து அண்ணன் முடிவுத் தாளை நீட்டினார்: "ஈயமும் இல்ல, பாதரசமும் இல்லம்மா. சோப்புதான் அள்ள அள்ள வருது."

ஏறிய எண்

உலோகம் இல்லை, சரி. வாயு? ஆராய்ச்சியை நடத்தும் மேடத்திடம் கேட்டு, கரியமில வாயுவை அளக்கிற மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெளிக்காற்று வராமல் ஜன்னலைச் சாத்தி, கதவடியில் துணி திணித்து, தொட்டில் பக்கம் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. பட்டறை வாசலில்கூட அவ்வளவு இல்லை. உடனே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ரூம்ல யாரு யாரு இருக்கீங்க?"

"நான், அவர், அத்தை, பிள்ளை."

"நாலு பேரும் மூச்சு விடுறீங்கல்ல? அந்த ஜன்னலத் தொறந்து விடுங்க தாயி."

திறந்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கியது. பிள்ளையை அப்படியே வாரி மடியில் போட்டுக்கொண்டேன், கையை முகராமலே.

ஊர்ப் புகையையெல்லாம் பிடிக்கக் கிளம்பிய ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்தது, எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்கலாம் என்பது மட்டும்தான்.