ரோபோவுக்குத் தைத்த பத்துக் கட்டைகள்

ஜிஎஸ்டி வந்த வருஷம். நெய்வேலி மெயின் பஜாரில் சீட் கவர் கடை வைத்திருந்தேன். சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் ஷிப்ட் பஸ், ஜீப், ஆட்டோ எல்லாவற்றுக்கும் சீட் தைப்பேன். ஒரு சனிக்கிழமை, டவுன்ஷிப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் கல்பனா இரண்டு தோழிகளோடு வந்து, செங்கல் அளவில் ஒரு பொருளை மேஜையில் வைத்தாள். உள்ளே ஸ்பாஞ்ச், மேலே துணி. ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

"தலகாணியா பாப்பா?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, ரோபோ போட்டிக்கு. இந்தக் கட்டைய எங்க ரோபோ தூக்கி அடுக்கணும். பழக இது ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் ரோபோவே கிழிச்சிடுச்சு. வெளிநாட்டுல இருந்து வரவழைக்க எங்களால முடியாது. இதே மாதிரி பத்து தைச்சுத் தருவீங்களா? போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருக்கு."

அளந்தேன், எடை போட்டேன். திங்கட்கிழமையே பத்தும் ரெடி. கிழியக் கூடாதென்று பஸ் சீட்டுக்குப் போடும் கெட்டி ரெக்சினில் தைத்து, ஓரத்தில் கயிறு வைத்துப் புடைப்பாகப் பைப்பிங்கும் கொடுத்திருந்தேன். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் கல்பனா போன் செய்தாள். "ஆன்ட்டி, கொஞ்சம் ஸ்கூல் வரைக்கும் வரீங்களா?"

போய்ப் பார்த்தேன். ரோபோ தன் இரண்டு இரும்புப் பிடிகளால் கட்டையைப் பிடித்ததும் அது சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு விழுந்தது. பத்தும் அப்படித்தான். பிள்ளைகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எல்லாவற்றையும் பிரித்து கேன்வாஸில் தைத்தேன். இப்போது வழுக்கவில்லை. ஆனால் ரோபோவின் பிடி பைப்பிங்கில் மாட்டி, தையல் விட்டுப்போனது. இன்னும் நாலே நாள்.

"அது எந்த எடத்துல புடிக்குதுன்னு தெரியாமயே தைச்சிக்கினு இருக்கேன்," என்றேன். பையில் துணியில் கோடு போடும் நீல சாக்பீஸ் இருந்தது. ரோபோவின் பிடி இரண்டிலும் அழுத்தித் தேய்த்தேன். "இப்ப தூக்கச் சொல்லு கல்பனா."

இருபது தரம் தூக்கியது. கட்டையின் இரண்டு பக்கவாட்டிலும் நீலப் பட்டை. மேலும் கீழும் ஒரு பொட்டுகூட இல்லை. பைப்பிங்கை எடுத்துவிட்டு, தையலை எல்லாம் மேலும் கீழுமாகத் தள்ளி, உள்ளே மடித்துத் தைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பத்துக் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. கல்பனா ரிமோட்டை என் கையில் திணித்தாள். "நீங்க ஓட்டுங்க ஆன்ட்டி."

"எனக்கு ஸ்கூட்டியே ஓட்ட வராதுடி."

ஓட்டினேன். நேராகப் போய் அடுக்கிலேயே மோதினேன். கட்டைகள் உருண்டன. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

போட்டியில் இரண்டாம் பரிசு. அடுத்த வாரமே இன்னும் இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கட்டை கேட்டுக் கடைக்கு வந்தார்கள்.

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும், முதலில் டிரைவரை உட்காரச் சொல்லி, அவர் எங்கே சாய்கிறார், எங்கே நெளிகிறார் என்று பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் டேப்பை எடுக்கிறேன்.