சூரியன் முழுகும் கடலுக்கு ஒரு வண்டி

என் மனைவி எப்போதும் என் வண்டியில் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்து வந்தாள். இரண்டு காலும் இடது பக்கம், வலது கை என் வலது தோள்மேல். காற்றில் பேச்சு கேட்காது என்பதால் அவளாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு தட்டினால் நிறுத்து, இறங்க வேண்டும். பள்ளம் வந்தால் விரல்கள் இறுகும். கோபமாக இருந்தால் விரல் நுனி மட்டும்தான் படும். அவள் முகத்தைப் பார்க்காமலே அன்றைக்கு எனக்குச் சோறு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் நான் வீட்டில் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. கர்நாடகா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று பத்து மாதம் போவேன், இரண்டு மாதம் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் வீட்டில் இருப்பேன். அந்த இரண்டு மாதத்திலும் கால் தரையில் நிற்காது. அவள் கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். கேம்ப் ரோடு ஓரம் கோணிப்பையை விரித்து மீன் விற்றாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒன்று வயிற்றில் ஆறு மாதம் இருந்து போனது. அப்போது நான் நாக்பூருக்கு அந்தப் பக்கம் பாறையில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தேன். தகவல் வந்து, நான் ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது அவள் மறுபடியும் கேம்ப் ரோட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா, வூட்ல கொயம்பு கீது, துன்னு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஐம்பத்தெட்டாவது வயதில் என் முதுகு ரிக் வேலையை நிறுத்தியது. வீட்டோடு வந்துவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு நாள், மீன் செதில் ஒட்டியிருந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"யோவ், மேக்கால கடல்ல சூரியன் முழுவுதுன்னு சொல்லுவியே, மெய்யாலுமா?"

"ஆமாமே. செவப்பா எறங்கி அப்டியே தண்ணிக்குள்ள பூடும்."

"எங்கூர்ல அது தண்ணியிலர்ந்து ஏறும். பொறந்ததுலர்ந்து அதத்தான் பாக்கறேன். எறங்கறதயும் ஒரு தபா பாத்துடணும்யா."

அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்பதற்கு நான் பக்கத்தில் இருந்தால்தானே. ரயிலில் கூட்டிப்போகிறேன் என்றேன். "அதுல நெனச்ச எடத்துல எறங்க முடியுமா? தோள தட்னா டிரைவர் நிறுத்துவானா?" என்றாள். பஸ் ஏறினால் அவளுக்கு வாந்தி. ஆக, வண்டி. என்னிடம் இருந்த பழைய வண்டியில் செங்கல்பட்டு தாண்டினாலே அவளுக்கு இடுப்பு கழன்றுபோகும். தரையில் உட்கார்ந்தே தேய்ந்த இடுப்பு அது. அவள் வலிக்காமல் உட்கார்ந்து வர ஒரு வண்டி பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவளுக்காக நான் உட்கார்ந்து யோசித்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரும்புலியூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. என்னைவிடச் சின்னவர், ஆனால் வண்டி விஷயத்தில் பெரியவர். அவர் சொன்ன விதி ஒன்றுதான். "அண்ணா, அது எவ்ளோ தூரம் போவும்னு பாக்காத. நின்ன எடத்துலர்ந்து நீ ஒண்டியா பின்னால தள்ள முடியுதான்னு பாரு. முடியலன்னா வுட்டுடு. உன் வயசுக்கு ஓட்றப்ப ஒண்ணும் ஆவாது, நிறுத்தறப்பதான் வுழுவ."

ஒரு ஷோரூமில் உயரமான வண்டி ஒன்றைக் காட்டினார்கள். மலை, காடு எல்லாம் ஏறுமாம். என் கால் நுனிதான் தரையில் பட்டது. அவள் ஏறுவதற்கு ஸ்டூல் கொண்டுவந்தார்கள். ஸ்டூலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போற வயில்லாம் இந்த ஸ்டூல நான் இடுப்புல வெச்சிகினு வரணுமா?" என்று கேட்டாள். இன்னொரு இடத்தில் தாழ்வான வண்டி. எனக்கு நாற்காலி மாதிரி இருந்தது. பின் சீட்டோ ஒரு தோசை அகலம். சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. மூன்றாவது கடையில் பெரிய வண்டி, பெட்டிகள் வைக்க இரண்டு பக்கமும் கம்பி. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்கவே இடமில்லை. விற்பனைப் பையன் பணிவாகச் சொன்னான். "மேடம், இதுல டூ சைடு கால் போட்டு உக்காந்தாதான் கம்ஃபர்ட்."

"ஏன் கண்ணு, உங்கம்மா அப்டிதான் குந்துமா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த ஒரு மாதம் முழுக்க நாங்கள் சிரித்துக்கொண்டே கடை கடையாக ஏறி இறங்கினோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சேர்ந்து சுற்றியதில்லை.

கடைசியில் வண்டியை மெக்கானிக்தான் பிடித்துக் கொடுத்தார். மறைமலை நகர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது விற்ற வண்டி. அதிகம் ஓடாதது. கனம் உண்டு, ஆனால் தாழ்வு. தெருவில் நானே பின்னால் தள்ளிப் பார்த்தேன், வந்தது. சீட்டைப் பிரித்துப் புது ஸ்பாஞ்ச் வைத்தோம். ஒரு பக்கமாகவே உட்கார்ந்து நாலு நாள் போனால் இடுப்பு திரும்பிக்கொள்ளும் என்று மெக்கானிக் சொன்னதை அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்த் தன் வாழ்நாளில் முதல் சுடிதாரை வாங்கிவந்து போட்டுக்கொண்டு நின்றாள். "இன்னாயா, நர்சம்மா மாரி கீறேனா?" என்று கேட்டாள். அப்படித்தான் இருந்தாள்.

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரப் பழகியதும், முதுகுக்குச் சாய்மானம் வைத்தேன். கைக்கு இரண்டு பக்கமும் தாங்கிகள். வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும் பழக்கம் அவளுக்கு. மீன் எடுக்க விடிவதற்கு முன்பே எழுந்தவளுக்கு வேறென்ன வரும். தூக்கத்தில் விழக் கூடாதே என்று சீட் தைப்பவரிடம் சொல்லி, சாய்மானத்தோடு சேர்த்து அகலமாக ஒரு பெல்ட்டும் தைத்து வாங்கினேன். எல்லாம் நானே யோசித்துச் செய்தது. முதல் தடவை உட்கார்ந்தவுடன், "சோபா மாரி கீதுயா" என்றாள். முடிச்சூர் ரோட்டில் ஒரு சுற்று வந்தோம். வழியெல்லாம் இரண்டு கையாலும் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே வந்தாள்.

என் தோள் லேசாக இருந்தது. அவளுக்கு வசதியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று நினைத்தேன்.

நீண்ட பயணத்துக்கு முன் ஒரு வெள்ளோட்டம் போய்வரச் சொன்னார் மெக்கானிக். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பி மதுராந்தகம் வரை போனோம். ஏரிக்கரையில் நின்றோம். இட்லி சாப்பிட்டோம். இடுப்பு வலிக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன். "இல்லயா, சும்மா சும்மா கேக்காத" என்றாள். திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவிலில் டீ குடித்தோம். சர்க்கரை கூடுதல் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாள். ஏறி உட்கார்ந்தாள், பெல்ட்டை நான்தான் மாட்டினேன். "போலாம்" என்றாள்.

அவள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி முழு வார்த்தை அது.

மறைமலை நகர் தாண்டியபோது மேற்குக் கடலுக்குப் போகும் வழியை அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். எந்த ஊரில் தங்குவது, எங்கே நல்ல சாப்பாடு என்று. பதில் இல்லை. கூடுவாஞ்சேரி சிக்னலில் அவளுடைய ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது. "தூங்கிட்டியாமே?" என்றேன். அப்போதும் பதில் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு அலைந்து வண்டி பார்த்ததே இதற்குத்தானே. அவள் தூங்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினேன். வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் ஏறினேன். அந்தச் சாலை வழுவழுவென்று இருக்கும். முடிச்சூருக்கு இறங்கும் வழி வந்தது. இறங்கினால் எங்கள் தெருவின் குண்டும் குழியும் அவளை எழுப்பிவிடும். அதனால் நான் இறங்கவில்லை. தூளியை விட்டால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று இன்னும் நாலு ஆட்டு ஆட்டுவார்களே, அப்படி நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். அடையாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினேன்.

திரும்பும் வழியில் ஓரமாக இளநீர் விற்கும் அம்மாவிடம் நிறுத்தினேன். அவள் எழுந்தால் குடிக்கட்டும் என்று. அந்த அம்மா அரிவாளோடு நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தது.

"யோவ்! இன்னாயா அந்தம்மாக்கு வாயி கோணிகினு கீது? எச்சி வயியுது பாரு!"

திரும்பினேன். கண் திறந்துதான் இருந்தது. அவள் தூங்கவே இல்லை. வலது கை தாங்கியிலிருந்து நழுவித் தொங்கியது. இடது கை சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த விளிம்பில் இருந்த தையல் இரண்டு இடத்தில் பிரிந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். புதிதாகத் தைத்த சீட் அது.

அந்த அம்மாவே ஆட்டோவை மறித்து ஏற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் என்னைக் கேட்டார். "எப்போ ஆரம்பிச்சது சார்?"

"தெரியலீங்க."

"கூடத்தானே இருந்தீங்க?"

"ஆமாங்க. முன்னால இருந்தேன்."

கடைசியாக எப்போது பேசினாள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். ஊசி போட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த இடத்தில் ஆரம்பித்திருக்கும் என்று மட்டும் இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்தக் கை என் தோள்மேல் இருந்திருந்தால், மறைமலை நகரோ பொத்தேரியோ, அது நழுவின அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு தட்டு தட்ட அவளுக்கு ஒரு தோள் எட்டியிருக்கும். நான் அவளுக்குச் சாய்மானம் வைத்தேன், தாங்கி வைத்தேன், பெல்ட்டும் போட்டேன். அவள் விழவில்லை. விழுந்திருந்தால் அப்போதே நின்றிருப்பேன்.

வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. "ஆ" என்ற ஒரு சத்தம் மட்டும் வரும். புரிந்துகொள்வதில் குறை ஒன்றும் இல்லை. அதனால்தான் அவள் கண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வாரம் இரண்டு முறை பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருகிறது. "அங்கிள், அந்தக் கைக்குப் பழக்கமான வேலை ஏதாச்சும் இருந்தா அதைச் செய்ய வைங்க. மூளைக்கு ஞாபகம் வரும்" என்றது. மீன் வெட்டும் கத்தியைக் கொடுக்க முடியுமா? யோசித்து, கட்டில் விளிம்பில் அவளை உட்காரவைத்து, முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் வலது கையைத் தூக்கி என் தோள்மேல் வைத்தேன். நழுவி விழுந்தது. மறுபடி வைத்தேன்.

பத்து நாள் அப்படிப் போயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒருகாலமும் வராது. வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. "இதோ வாலாஜா வந்துட்டோம் மே. வெயிலு ஏறுறதுக்குள்ள கிருஷ்ணகிரி போயிடலாம்." நாளுக்கு ஓர் ஊர், இரண்டு ஊர். இடையில் டீக்கடை, பஞ்சர், மழை எல்லாம் சொன்னேன். பெங்களூரைச் சுற்றிக்கொண்டு போனோம். ஹாசனில் ஒரு லாட்ஜில் தங்கினோம். பின்னாலிருந்து சத்தம் வராது. கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சக்லேஷ்பூர் தாண்டி மலை இறங்க ஆரம்பித்தேன். "வாசன வருதா மே? காபிப் பூவு. இத எறங்கிட்டா கடலுதான். அஞ்சு மணிக்குள்ள போயிடுவோம், பாத்துடலாம்."

என் இடது தோளில் இரண்டு தட்டு விழுந்தன.

நல்ல கையால் தட்டியிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடியும் ஆட்டினாள்.

நிறுத்திவிட்டேன்.

வண்டி வெளியே தார்ப்பாய்க்குள் நிற்கிறது. விற்றுவிடச் சொல்கிறார் மெக்கானிக். சாய்மானத்தை மட்டும் கழற்றிப் பரணில் போட்டேன். காலையில் காபி குடித்ததும் ஸ்டூலைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை எடுத்துத் தோள்மேல் வைக்கிறேன். விழுகிறது. வைக்கிறேன். இப்போது நான் எதுவும் பேசுவதில்லை.