ஆல்ட் கீயும் ஸ்டெல்லாவின் கன்ஃபர்மேஷனும்

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு பெண்மணி எனக்காகத் திட்டு வாங்கினார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பெயர் ஸ்டெல்லா. லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். என் வயதுதான். டீச்சர் வேலையை விட்டு, கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஐந்தரை மாதம். ஆறு மாதம் ஆனால் வேலை நிரந்தரம். அந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருந்தார்.

திங்கட்கிழமை மதியம் அவர் சீட் பக்கம் போனேன். ஓர் ஆஸ்பத்திரிக்கான புரோகிராம். திரையில் மருந்துப் பட்டியல் — வரிக்கு ஒரு மருந்து, அடுத்து பழைய குறியீட்டு எழுத்து இரண்டு, அடுத்து எத்தனை மில்லி. முந்நூறு வரி. அந்தப் பழைய எழுத்துகளை மட்டும் நீக்க வேண்டும். ஸ்டெல்லா ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டிருந்தார்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா இது, பேன் பாக்கற மாதிரி? எழுந்திருங்க."

"இல்ல சார், நடுவுல சில வரியில ஸ்பேஸுக்கு பதிலா டேப் இருக்கு. அதான்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ஊட்டா முடிச்சிட்டு வாங்க."

தயங்கியபடியே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்து மவுஸை மேலிருந்து கீழே இழுத்தால், நெட்டுக்குத்தாக ஒரு பட்டையை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். இங்கிலீஷில் காலம் செலக்‌ஷன் என்பார்கள். இழுத்தேன். டெலீட். முந்நூறு வரியும் ஒரே அடியில் காலி. மேலே பார்த்தேன் — சரி. கீழே பார்த்தேன் — சரி. சேவ் செய்துவிட்டு, தோரணையாக எழுந்தேன்.

நடுவில்? பார்க்கவில்லை.

டேப் என்பது கண்ணுக்குத்தான் அகலமான இடைவெளி. அந்த எடிட்டருக்கு அது ஒரே ஓர் எழுத்து. அதனால் டேப் இருந்த வரிகளில் பட்டை தள்ளிப்போய், மருந்தின் அளவிலேயே ஓர் இலக்கத்தைத் தின்றிருக்கிறது. பதினைந்து மில்லி ஐந்து மில்லி ஆகிவிட்டது.

நல்லவேளை, டெஸ்டிங்கிலேயே பிடித்துவிட்டார்கள். ஆனால் ஃபைல் சேவ் ஆனது ஸ்டெல்லாவின் மெஷினில், அவர் பெயரில்.

மறுநாள் மீட்டிங். பதினோரு பேர் முன்னால் எங்கள் கன்னடக்கார மேனேஜர் கேட்டார்: "ஏன்ரீ ஸ்டெல்லா இது? மருந்து விஷயம்ரீ! யாருக்காவது ஏதாவது ஆனா யாரு ஜவாப்தாரி? உங்க கன்ஃபர்மேஷன் இன்னும் மூணு மாசம் போகட்டும்."

ஸ்டெல்லா என்னை ஒரே ஒரு தரம் பார்த்தார். நான் கட்டம் போட்டேன்.

"சாரி சார். நான் செக் பண்ணியிருக்கணும்" என்றார்.

பதினைந்து வருஷ அனுபவம் என்று வாராவாரம் உங்களிடம் அளக்கிறவன் அல்லவா நான்? வெட்கக்கேடு.

சாயங்காலம் அவர் சீட்டுக்குப் போனேன். பழையபடி ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்வீங்கன்னு வெயிட் பண்ணேன் சார்." திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்! "ஓ, நீங்களா? பிடி சார், விடுங்க, இதெல்லாம் சகஜம்" என்று காபி வரவழைத்தார். அதே தப்புதான். ஸ்டெல்லாவுக்கு மூன்று மாதம், எனக்கு ஒரு காபி. கடிதத்தை இந்த மாதமே தரச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பெருமையாக வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"தேங்க்ஸ் சார்" என்றார். "ஆனா நான் திட்டு வாங்கினது ரூமுக்குள்ள இல்லையே... மீட்டிங்ல தானே?"

சுருக்கென்றது. மேனேஜரைப் பார்த்தேன், ஸ்டெல்லாவைப் பார்த்தேன். நடுவில் அந்தப் பதினோரு பேரை மறுபடியும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

வருகிற செவ்வாய் மீட்டிங்கில் எழுந்து சொல்வதாக இருக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும் — அன்றைக்கென்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அதனால்தான் இதை எழுதினேன். எங்கள் ஆபீஸில் நாலு பேர் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறார்கள். இதழ் திங்கட்கிழமையே கடைக்கு வந்துவிடும்.