ரேடியோவின் பாஷை

என் தங்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தையல்காரர் கேட்டிருக்கிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொந்தமாக ஒரு மொழியை உண்டாக்கியவர்களின் வாழ்க்கைக் குறிப்பைச் சுவரில் ஒட்டப் போகிறாராம். கூடப் பிறந்தவள் எழுதினால் நன்றாக இருக்கும் என்றார். இருக்கும், இருக்கும். எனக்கு வயிறு எரிவது அந்த மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது!

அவளை வீட்டில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். திருகி அணைக்கக் குமிழ் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். ரொட்டிக் கடையில் வேலை. விடியும் முன்பே போய் மாவு பிசைந்து அடுப்பேற்றிக் கொடுத்துவிட்டு, ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் முழங்கை வரை மாவோடு திரும்பிவிடுவாள். ரொட்டி நன்றாகச் செய்வாள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒற்று வர வேண்டிய இடத்தில் வராது, வரக்கூடாத இடத்தில் வந்து குந்திக்கொள்ளும். சுட்டிக்காட்டினால், "படிச்சா புரியுதுல்ல? அப்புறம் என்னக்கா?" என்பாள். அப்படிப்பட்டவளுக்குச் சுவரில் இடம்.

எங்கள் கூட்டம் தையல் கடையின் மாடியில் நடக்கும். சட்டை மாட்டிய பொம்மைகளுக்கு நடுவே துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பேசுவோம். கணக்கு வாத்தியாருக்கு எழுத்துச் சீர்திருத்தம் என்றால் உயிர். யாரும் சரியாக உச்சரிக்காத எழுத்தை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று ஆரம்பிப்பார். "வாய்க்குத் தகுந்தபடி எழுத்த மாத்துனா, வாத்தியாரே, வாராவாரம் அகராதி அச்சடிக்கணும்" என்பார் தையல்காரர். டீ ஆறிப்போகும். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்த மாடி சொர்க்கம்.

கடைசி அரைமணி நேரம் சொந்த மொழிக்காரர்களுக்கு. அதற்குத் தையல்காரர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. இலக்கணம், சொற்பட்டியல் எதையும் அவர் பார்க்கமாட்டார். மொழியை உண்டாக்கியவர் பேச வேண்டும், இன்னொருவர் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். "பதில் வந்தாதான் பாஷை. இல்லன்னா அது உன் தலைவலி" என்பார்.

என் மொழியின் பெயர் நேரி. கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்தேன். இப்போது கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். எதிரே இருப்பவர் கடைசி வரி எழுத்தைப் படிக்கத் திணறும் நேரத்தில் நான் மனத்துக்குள் ஒரு வினைச்சொல்லைச் செதுக்கி முடித்துவிடுவேன். நேரியில் ஆறு காலங்கள் உண்டு. அதில் ஒன்று, நடந்தும் யாரும் பார்க்காத செயலுக்கு. அதைப் பெருமையாகச் சொன்னபோது ரேடியோ கேட்டாள்: "யாரும் பாக்கலன்னா நடந்துச்சுன்னு உனக்கு யாருக்கா சொன்னா?" மொழியியல் தெரியாத ஜென்மத்திடம் என்ன பேச?

நேரியில் எனக்குப் பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கணக்கு வாத்தியார் முயன்று பார்த்து, இரண்டாவது காலத்திலேயே கும்பிடு போட்டுவிட்டார். அதனால் நானே ஆளைப் பெற்றெடுப்பது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். என் மகள் குட்டி பிறந்த நாளிலிருந்து அவளிடம் நேரி தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று சபதம். தாலாட்டும் நேரியில்தான், அதட்டலும் நேரியில்தான்.

குட்டி அப்பாவிடம் பேசினாள், மாடிவீட்டு அம்மாவிடம் பேசினாள், தெருநாயிடம்கூட மணிக்கணக்கில் பேசினாள். என்னைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு, வேண்டியதை விரலால் காட்டுவாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் என் கணவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "பெத்த தாய்கிட்ட தண்ணி கேக்கறதுக்குப் புள்ள பரீட்சை எழுதணுமா?" போகப் போக வரும் என்றேன்.

பகலில் குட்டியைப் பார்த்துக்கொள்வது ரேடியோ. ஒருநாள் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். உள்ளே பேச்சும் சிரிப்பும். தமிழ் இல்லை. நேரியும் இல்லை. குட்டி மூச்சுவிடாமல் என்னவோ சொல்கிறாள், என் தங்கை துணி மடித்தபடியே அதற்கு மறுத்துப் பேசுகிறாள், குட்டி விடாமல் சண்டைக்குப் போகிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னடி பாஷை இது?" என்று கேட்டேன்.

"பாஷையா? சும்மா விளையாட்டுக்கா. அவ ஒண்ணு சொன்னா, நான் ஒண்ணு சொன்னேன். அது பாட்டுக்கு வளந்துருச்சு."

வளர்ந்துவிட்டதாம்! நான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவளுக்கு அது பாட்டுக்கு வளர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்க ஆரம்பித்தேன், குறை கண்டுபிடிக்கத்தான். குறைக்கா பஞ்சம்? காலம் என்பதே கிடையாது. பன்மை வேண்டுமென்றால் சொல்லை இரண்டு தடவை சொல்வார்கள். கோபமாகச் சொன்னால் ஒரு பொருள், கொஞ்சிச் சொன்னால் வேறு பொருள். உப்புப் பெறாத மொழி. ஆனால் ஒரு சொல் விடாமல் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் முறை வந்த ஞாயிறன்று குட்டியைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். நேரியில் ஒரே ஒரு பதிலைச் சொல்லப் பழக்கியிருந்தேன். சித்தி வந்தால்தான் படியேறுவேன் என்று அடம்பிடித்ததால் ரேடியோவும் வந்தாள். நான் நேரியில் கேட்டேன். குட்டி என் முகத்தைப் பார்த்தாள், பொம்மைகளைப் பார்த்தாள். மறுபடி கேட்டேன். உதடு பிதுங்கியது. சட்டென்று சித்தி பக்கம் திரும்பி அவர்களுடைய மொழியில் பொரிந்து தள்ளினாள். குட்டியின் அவிழ்ந்த செருப்பு வாரை மாட்டிக்கொண்டே ரேடியோ அதே வேகத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். தலை இல்லாத அந்தப் பொம்மைகள் அம்மா மாதிரியே பதில் பேசாது என்று சொல்லிச் சிரித்தார்கள். அது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"அடேயப்பா, பதில் வந்துருச்சு!" என்று தையல்காரர் கை தட்டினார். கணக்கு வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "தாய்மொழியாவே பேசுதுங்க இந்தப் புள்ள!" என்றார். தாய்மொழி! தாய் நான் பக்கத்தில் மரம்போல் நிற்கிறேன்.

படியிறங்கும்போது வெடித்துவிட்டேன்.

"என் புள்ளையப் பறிச்சுட்டல்ல? இப்ப குளுகுளுன்னு இருக்கா உனக்கு?"

"அக்கா, என்ன பேசற நீ? அவளுக்குப் பேச ஆள் வேணும். நான் இருந்தேன்."

"இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

ரேடியோ அப்படி வாயடைத்துப் போனதை நான் பார்த்ததே இல்லை. குட்டியின் தலையைத் தடவிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

குட்டியைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தேன். சபதத்தையும் விட்டுவிட்டுத் தமிழிலேயே பேசிப் பார்த்தேன். "ம்" என்பாள், "வேணாம்" என்பாள், அதோடு சரி. அப்பாவிடம்கூடப் பேச்சு குறைந்துவிட்டது. என் கணவர் என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியவில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து அந்த மொழி கேட்டது. எட்டிப் பார்த்தால் குட்டி மட்டும்தான் இருக்கிறாள். அவளே கேட்கிறாள், குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு சித்தி மாதிரி அவளே பதிலும் சொல்கிறாள். சாப்பிட்டாயா என்று சித்தி கேட்கிறாள். இல்லை என்று குட்டி சொல்கிறாள். ஏன் என்று சித்தி கேட்கிறாள். அதற்குமேல் பதில் ஓடாமல் குட்டி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஈரக் கையோடு போனை எடுத்துத் தங்கையை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "அக்கா?" என்றாள். குனிந்து குட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

குட்டிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு மடை திறந்தாற்போல் பேசினாள். எனக்குப் புரியாது என்ற தைரியம். சித்தி, நீ வராதே, அம்மாவுக்கு உன்னைப் பிடிக்காது என்றாள். என்னையும் பிடிக்காது, நான் அவள் பேசுகிற மாதிரி பேசமாட்டேன் அல்லவா, அதனால் என்றாள். அழாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எனக்கு அப்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. மேஜைக்கு அடியில் தலையை நுழைத்து, அதுவரை என் நாக்கில் ஏற்றாத அந்த மொழியில், "பிடிக்கும், பிடிக்கும்" என்றேன்.

குட்டி போனைக் காதிலிருந்து எடுத்தாள். கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, என்னை நேராகப் பார்த்து ஒரு முழு வாக்கியம் பேசினாள். அவர்களுடைய மொழியில்தான். உனக்கு இது தெரியும் என்றால் ஏன் இவ்வளவு நாளாக என்னிடம் பேசவே இல்லை என்று கேட்டாள்.

போனுக்குள்ளிருந்து என் தங்கையின் குரல் வந்தது.

"அக்கா, அவ கேக்கறால்ல? பதில் சொல்லுக்கா."