மனுவேல் டாக்டர் சொன்ன பதில்

மனுவேல் டாக்டர் இறந்துவிட்டார் என்ற செய்தியைத் தென்காசிச் சந்தையிலிருந்து திரும்பியவர்கள் இலஞ்சியில் என் பலசரக்குக் கடையில் வந்து சொன்னார்கள். "கைராசிக்காரர், பாவம்" என்றார் ஒருவர். என் தங்கை செண்பகத்தின் கால்களை முடக்கியவர் அந்த டாக்டர்தான் என்று முன்பு ஊரெல்லாம் பேசியவரும் அவரே. டாக்டரை அறிந்த உங்களிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில், செண்பகத்துக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். மாலைதோறும் காய்ச்சல், தீராத முதுகுவலி. டாக்டர் ஒரு துண்டைத் தரையில் போட்டு எடுக்கச் சொன்னார். அவள் முதுகை வளைக்காமல், தொடையைப் பிடித்துக்கொண்டு குந்தி எடுத்தாள். அவர் அவளுடைய முதுகெலும்பை மெல்லத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் காசநோய் என்றார்.

"பிள்ளைக்கு இருமலே கிடையாதே, டாக்டரய்யா. நெஞ்சுப் படமும் சுத்தம்னு சொல்லுதீய. பிறகு என்ன டி.பி.?" என்றார் அப்பா.

"அது நெஞ்சுல மட்டுந்தான் குடியிருக்கும்னு யாரு சொன்னா அண்ணாச்சி? எலும்பு கரைஞ்சுக்கிட்டிருக்கு. பிள்ளை அசையாமப் படுக்கட்டும்."

மாவுக்கட்டில் படுக்கை செய்து அவளைக் கிடத்தினார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடத் தாமே சைக்கிளில் வந்தார். மாதங்கள் சென்று காய்ச்சல் நின்றது, வலி குறைந்தது. அதுவே வினையாயிற்று.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், மாப்பிள்ளையைப் பெற்ற எங்கள் அத்தை அப்பாவிடம் வந்தாள். "இப்படிக் கட்டிப்போட்டா பிள்ளை விளங்குமாலே? எண்ணெய் தேய்ச்சு அருவியில முதுகைக் காட்டினா எல்லா நோவும் ஓடிரும். ஐப்பசியில கல்யாணம், ஞாபகம் இருக்கட்டும்."

நான் வாசலை மறித்தேன். "நாலு புஸ்தகம் வாசிச்சுட்டா நீயும் டாக்டராலே?" என்று அப்பா என்னைத் தள்ளிவிட்டு, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வண்டியிலிருந்து அருவிக்குத் தன் காலில் நடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கல்யாணம் நின்றது. மாவுக்கட்டுதான் நரம்பை நெரித்தது என்றாள் அத்தை; ஊர் அதையே பிடித்துக்கொண்டது.

"நீங்க மறுத்துப் பேசக் கூடாதா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "நான் பேசிக்கிட்டுத் திரிஞ்சா இவளை யாரு புரட்டிப் படுக்க வைக்கது?" என்றார்.

அடுத்த சாரலுக்குள் நடந்துவிடுவாய் என்று வீட்டில் எல்லோரும் சொல்லி வந்தோம். செண்பகம் டாக்டரிடம் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க சார். நான் நடப்பேனா?"

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தார். "இல்லம்மா" என்றார்.

கல்யாணச் சேலைகளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். படுக்கைப் புண் புரையோடி, மறுவருஷம் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை புண்ணைக் கழுவியவர் அவர்தான்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது செண்பகத்துக்குச் சொன்ன அந்த ஒரு பதில். மன்னித்துவிட்டேனா என்று கேட்டு அத்தை இன்றும் ஆள் அனுப்புகிறாள். அதையே சொல்லி அனுப்புகிறேன்.