இரண்டு ஸ்டாப்புக்கு நடுவே ஒரு வேம்பு

எங்கள் பஸ்ஸில் என் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பச்சை கேன் இருக்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது வேறு கேன், இது கண்டக்டருடையது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காலை வண்டியை எடுக்குமுன் குழாயடியில் அதைத் தளும்பத் தளும்பப் பிடித்து வந்து வைப்பார். மூடி சரியாக நிற்காது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் என் முதுகு நனையும். "குளிக்காம வந்திருப்பீங்கன்னுதான் டிரைவரண்ணே" என்பார் சிரிக்காமல். நான் வாயில் வந்தபடி திட்டுவேன். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் அவரை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த ஈர முதுகுதான்.

கல்வராயன் மலைக்குப் போகும் வண்டி எங்களுடையது. மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு மட்டும் இரண்டு ஸ்டாப். ஊர்க்காரர்களுக்கு ஒன்று, காலனிக்காரர்களுக்கு ஒன்று. நடுவில் கூப்பிடு தூரத்துக்குக் கல்லும் கரம்புமாக ஒரு பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து ரோட்டுக்கு வந்துவிடும், வெயிலடித்தால் அனல் பறக்கும். காக்காய் உட்காரக்கூட ஒரு குச்சி கிடையாது. மலையிலிருந்து இறங்கும்போது ஊர் ஸ்டாப் முதலில் வரும். இருக்கிற சீட்டெல்லாம் அங்கேயே நிரம்பிவிடும். காலனியில் ஏறுகிறவர்கள் கள்ளக்குறிச்சி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். யாரும் யாரையும் எழுப்பிவிடுவதில்லை, சண்டையும் இல்லை. ஏற்பாடே அப்படி இருந்தது. வண்டி ஓட்டுகிற எனக்கு அது கண்ணில் பட்டதேயில்லை.

கண்டக்டருக்குப் பட்டது. ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போகக் காலனியில் ஏறிய பெண் ஒருத்தி வழி நெடுக நின்றுகொண்டே வந்தாள். அன்று டீக்கடையில் அவர் டீயைக் குடிக்கவேயில்லை. "மாசமா இருக்கற பொண்ணு நின்னுக்கினு வருது. ஒருத்தன் அசையலியே. இன்னாண்ணே இது?" என்றார். மறுநாளே இரண்டு ஸ்டாப்பையும் விட்டுவிட்டு நடுப் பொட்டலில் நிறுத்தச் சொல்லி விசில் கொடுத்தார். நிறுத்தினேன். இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவர்கள், நின்ற இடத்திலிருந்து ஒருவரும் நகரவில்லை. ஊர் ஸ்டாப்பிலிருந்து ஒருவர் கையைத் தட்டிக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பொட்டல்ல எவன் வந்து வெயில்ல நிப்பான் கண்டக்டரே?"

வேறு யாராவது இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் அந்தச் சாக்கை அப்படியே பிடித்துக்கொண்டார். "நெழல் இல்லைன்றாங்க. நெழலைக் குடுத்துட்டா அப்பறம் இன்னா சொல்லுவாங்க?" அடுத்த வாரமே பொட்டலின் நடுவில் ஒரு வேப்பங்கன்று நட்டார். தினமும் மேலே ஏறும்போது வண்டியை நிறுத்திப் பச்சை கேனோடு இறங்குவார். நான் ஹாரன் அடிப்பேன், பயணிகள் பல்லைக் கடிப்பார்கள். நாளாவட்டத்தில் அவர்களே ஜன்னல் வழியாகப் பாட்டில் தண்ணீரை நீட்ட ஆரம்பித்தார்கள். மலையில் வண்டி நிற்கும் இடைவேளையில் புங்கங்கொட்டை பொறுக்கி வருவார். வேம்பைச் சுற்றி அதையும் ஊன்றினார். சிலது முளைத்தது, பலது காய்ந்தது. காய்ந்த இடத்தில் திரும்பவும் ஊன்றினார்.

ஆடு கடித்துவிடுமோ, எவனாவது பல் குச்சிக்கு ஒடித்துவிடுவானோ என்று அவருக்கு ஒரே பயம். வேம்பு மார்பளவு வந்தபோது, மஞ்சள் துணியைச் சுற்றிக் குங்குமத்தையும் வைத்துவிட்டார். நம் பக்கத்தில் அதற்குமேல் காவல் வேண்டியதில்லை. ஆட்டுக்காரர்கள் தள்ளிப் போனார்கள், ஒருத்தரும் ஒரு இலையைத் தொடவில்லை. அவர் புத்திசாலித்தனத்தை அவரே மெச்சிக்கொண்டு திரிந்தார்.

ஆடி மாதம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் வேம்புக்கு அடியில் ஒரு கல், கல்லுக்குப் பட்டுத்துணி, எலுமிச்சம்பழ மாலை. ஊர்க்காரர்கள் பொங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. காலனிப் பெண்கள் இரண்டு பேர் அந்தப் பக்கமாக நடந்து வந்தபோது, "சாமி எடம், எட்டிப் போங்கம்மா" என்று காவலுக்கு நின்ற ஊர்க்காரர் ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார். கண்டக்டர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் செத்துப்போனது. எல்லோருக்குமாக நட்ட மரத்தைத் தன் கையாலேயே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரே.

மறுநாள் பொட்டலில் வண்டி நின்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். மரத்தின் முன் விழுந்து கும்பிட்டார். துணியை அவிழ்த்தார், கல்லைத் தன் துண்டில் ஏந்தினார். ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆத்தா என் கனவுல வந்தாங்க. இங்க வெயில் ஜாஸ்தியா இருக்குதாம், மலைக்குப் போவணுமாம். நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். கல்லைக் கொண்டுவந்து லேடீஸ் சீட்டில் முதல் வரிசையில் வைத்து, அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். சாமி சீட்டு பிடித்து உட்கார்ந்துவிட்ட வண்டியை எவன் மறிப்பான்? வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேலே ஒரு கோயில் வாசலில் கல்லை இறக்கி, கற்பூரம் ஏற்றினோம். கனவு நிஜமா என்று கேட்டேன். "சாமிக்கு மட்டும் வெயில் சுடாதா?" என்றார்.

கொஞ்ச நாளில் அவருக்கு ரூட் மாறியது. இதனால்தான் என்றார்கள் சிலர், வழக்கமான மாற்றம்தான் என்றார்கள் சிலர். எனக்குத் தெரியாது. அவர் திருக்கோவிலூர் வண்டிக்குப் போனார், கேனும் தண்ணீர் ஊற்றும் வேலையும் என்னிடம் வந்தன. டிப்போவில் எப்போது பார்த்தாலும் வீடு வாசல் சௌக்கியம் விசாரிக்கமாட்டார். "ஒண்ணா நிக்கறாங்களாண்ணே?" அதுதான் கேள்வி. "இல்லப்பா, மரம் நல்லா வந்துகினு இருக்குது" என்பேன். "மரம் வந்துடும்ண்ணே" என்று தலையை ஆட்டிக்கொண்டு போவார். ஒருநாளாவது பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். மாரடைப்பில் அவர் போய்விட்டார். தியாகதுருகத்தில் அவர் வீட்டு வாசலில் மாலையோடு நான் நின்றபோதும் என்னிடம் இருந்த பதில் அந்த 'இல்லை'தான்.

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிழலுக்கு வந்தார்கள். பிறகு வேப்பங்கொட்டையும் புங்கங்காயும் பொறுக்க இரண்டு பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். புங்க மரங்கள் வரிசை கட்டி நின்றபின் மண் ரோட்டுக்கு வருவது நின்றது. பொட்டலின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிப் புல் முளைத்தது. கத்திரி வெயில் ஒன்றில் ஊர் ஸ்டாப்பில் நிற்க மாட்டாமல் பெரியவர்களும் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்கள். நான் ரிட்டயராகும் வருடம் மற்ற இரண்டு இடத்திலும் ஆளே இல்லை, நடுவில் மட்டும் நிறுத்தினேன். திருவிழா இன்றும் தனித்தனிதான். ஆனால் சீட்டு, முந்தி ஏறுகிறவர்களுக்கு.

போன மாதம் மலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்த வேம்பின் அடியில் வண்டி நின்றது. கூட்டமாக ஏறினார்கள். யார் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இதைக் காட்ட வேண்டுமே என்று இருந்தது. என் பக்கத்தில் காலேஜ் பையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த மரம் யாரு வெச்சதும்மா?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க தாத்தா. எப்பவும் இருக்குது. எங்க ஊரு ஸ்டாப்பே இதான்."

சொல்ல வாயெடுத்தேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், இங்கே இரண்டு ஸ்டாப் இருந்ததை முதலில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லாமல் நானும் அந்தக் காற்றுக்கு முகத்தைக் காட்டினேன்.